அப்பாவின் இதயம் எதை எரிக்கிறது?

போன ஐப்பசியில் அப்பாவுக்குக் கால் வீங்கியது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் சம்பா நடவு முடிந்த சமயம், சேற்றிலேயே நின்றதால் வந்த வீக்கம் என்று விட்டுவிட்டோம். படுத்தால் மூச்சு முட்டி, ராத்திரியில் எழுந்து உட்கார ஆரம்பித்த பிறகுதான் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனோம். எக்கோ பார்த்த டாக்டர், "பம்பிங் 35 சதவீதம்தான் இருக்கு, ஹார்ட் ஃபெயிலியர்" என்றார். இதயம் நிற்கப்போகிறது என்று நினைத்து அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். அதற்கு அப்படி அர்த்தமில்லை, உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை இதயத்தால் தள்ள முடியவில்லை என்பதுதான்.

அன்றிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறேன். எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைக்கிற வீட்டில் பிறந்தும், இதயத்துக்கு டீசல் எது என்று அதுவரை யோசிக்கத் தோன்றவில்லை. செல்கள் சக்திக்காகச் செலவழிக்கும் ஏடிபி என்ற பொருளை இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 6 கிலோ தயாரித்து உடனுக்குடன் செலவழிக்கிறது, அதில் பாதிக்கு மேல் கொழுப்பை எரித்து வருவது. தளர்ந்துபோகும் இதயம் பெரும்பாலும் கொழுப்பை விட்டு குளுக்கோஸ் பக்கம் சாய்கிறது, அப்படியும் ஏடிபி போதவில்லை.

இந்த மாற்றத்தில் மைக்ரோ ஆர்என்ஏக்களுக்கும் பங்கு இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் குட்டி ஆர்என்ஏ துணுக்குகள் இவை, மரபு எழுத்துகளில் சுமார் 22 எழுத்து நீளம்தான். 1993-ல் ஒரு புழுவில் கண்டுபிடித்தார்கள், அதற்காக விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-ல் நோபல் கிடைத்தது. புரதம் செய்வதற்கான மரபணுவின் நகலான தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு, அந்தப் புரதம் உருவாவதைக் குறைப்பது இவற்றின் வேலை. மடையில் நாலு வெட்டு மண்ணைப் போட்டால் வயலுக்குப் போகும் தண்ணீர் குறையும், அடியோடு நிற்காது இல்லையா, அதுபோல. ஒரே ஆள் பல மடைகளில் கைவைப்பது போல, ஒரே மைக்ரோ ஆர்என்ஏ பல தூது ஆர்என்ஏக்களில் கைவைப்பதுதான் சங்கதி.

அழுத்தம் ஏறிய எலி இதயத்தில் மைர்-199ஏ, மைர்-214 என்ற இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்களும் கூடி, கொழுப்பை எரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும் பிபார் டெல்டா புரதத்தை அமுக்குகின்றன. அவற்றைத் தடுத்தபோது இதயம் தேறியது. இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை: இதயத்தில் இருக்கும் மைர்-208ஏவைத் தடுத்தால், கொழுப்புத் தீனி தின்ற எலிகள்கூட அவ்வளவாகக் குண்டாகவில்லை. உடம்பு முழுவதும் கொழுப்பு எப்படிச் செலவாக வேண்டும் என்பதில் இதயத்துக்கும் ஒரு பேச்சு இருக்கிறது!

எலியோடு நிற்கவில்லை. மைர்-132 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏவைத் தடுக்கும் மருந்தை 28 இதய நோயாளிகள் கொண்ட முதல் சோதனையில் கொடுத்துப் பார்த்தார்கள், பாதுகாப்பாகவே இருந்தது. ஆனால் அது இன்னும் சோதனை மருந்துதான்.

"ஒண்ணும் செய்யலை தம்பி, ஆனா அசதியா இருக்கு" என்று அப்பா முன்பு சொன்னபோதெல்லாம் வயசாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அது இப்போது உறுத்துகிறது.

சரி, இப்போதைக்கு மாத்திரையும் உப்புக் குறைப்பும்தான். உப்பு நார்த்தங்காய் ஜாடியை அம்மா பரணில் ஏற்றிவிட்டாள். தினமும் காலையில் அப்பாவின் எடையை காலண்டரில் குறித்து வைக்கிறேன், நீர் கோத்தால் முதலில் அதில்தான் தெரியும் என்றார் டாக்டர். இன்று 61 கிலோ, நேற்றும் அதேதான்.