தோன்றா எழுவாய்

"யார் அறுத்தார்கள்? எழுவாய் எங்கே?" என்று நான் கேட்டது வழக்கமான கேள்வி. தன்வினை, பிறவினை நடத்தும்போது எந்தப் பிள்ளை வாக்கியம் வாசித்தாலும் அதைத்தான் கேட்பேன். கேட்காமல் விட்டால் செயப்படுபொருளையே எழுவாய் என்று தேர்வில் எழுதிவிட்டு வருவார்கள். அன்று அந்தக் கேள்வியில் தனியாக ஒன்றும் இல்லை. இதை எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டாலும் மனம் சமாதானம் ஆகவில்லை.

ஒன்பதாம் வகுப்பு, திருப்புதல். 'அறு' என்ற வினையைக் கரும்பலகையில் எழுதியிருந்தேன். தன்வினையில் ஒன்று, பிறவினையில் ஒன்று எழுத வேண்டும். நடத்துவதற்கு இத்தனை வசதியான வினை குறைவு. கயிறு அறுந்தது, கயிற்றை அறுத்தான். நடுவில் இருக்கும் மெல்லினம் வல்லினமானால் போதும், தானாக நடந்தது ஒருவர் செய்ததாக மாறிவிடும். மூதுரையின் 'அற்ற குளத்தின் அறுநீர்ப் பறவை'யும் இதே வினைதான். நீர் வற்றியதும் குளத்தை விட்டுப் போகும் பறவையை, துன்பம் வந்ததும் விலகிப்போகும் உறவுக்குச் சொன்ன பாட்டு. வெங்காயத்தை நறுக்குகிறோம், முடியை வெட்டுகிறோம், கீரையைக் கிள்ளுகிறோம், நெல்லை அறுக்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். தை மாதம். பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கமே அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் பாதி வகுப்பு நெல்லைத்தான் எழுதியது. மற்றவர்களுக்குப் பட்டத்து நூலும் மரப்பட்டறையும் கிடைத்தன.

அவள் எழுந்து வாசித்தாள். "அம்மாவின் தாலியை அறுத்தார்கள்."

அப்பா இறந்து, காரியம் முடிந்து, அவள் பள்ளிக்கு வரத் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. வகுப்பில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குரல் தடுமாறவில்லை. நெல்லைப் பற்றி வாசித்த பையனைப் போலத்தான் அவளும் வாசித்தாள். என் கேள்வியும் அந்தப் பையனிடம் கேட்டது போலவே வந்தது.

"எல்லாரும்தான் ஐயா" என்றாள்.

இதற்கு நான் சொன்ன பதிலைச் சுற்றித்தான் இன்னும் வந்துகொண்டிருக்கிறேன். "சரிம்மா. எழுவாய் வெளியே தெரியாம மறைஞ்சு நிக்குது. இதுக்குப் பேரு தோன்றா எழுவாய். வாக்கியம் சரிதான்" என்றேன். அவள் வாக்கியத்தைப் பலகையில் எழுதவில்லை. 'தோன்றா எழுவாய்' என்பதை மட்டும் எழுதினேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த பிள்ளை எழுந்தது.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது அறிவியல் டீச்சர், "அந்தப் பிள்ளை என்ன சொல்லுது, நீங்க இலக்கணம் சொல்லிட்டு வந்திருக்கீங்களே சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அவருக்கு அன்று சொன்ன பதிலை நான் இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் துக்கத்தை நான் எடுத்துப் பேசியிருந்தால் அதுதான் கொடுமை. அவள் ஒரு வாக்கியம் எழுதினாள், நான் அதை வாக்கியமாக மதித்தேன். இரக்கப்பட்டு 'சரி' போடவில்லை, சரியாக இருந்ததால் போட்டேன்.

இப்படிச் சொல்லும்போது தெம்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று மாலை நோட்டு திருத்தினேன். தன்வினைக்கு அவள் எழுதியிருந்தது, 'செருப்பு வார் அறுந்தது.' அறுந்ததற்கும் அறுத்ததற்கும் உள்ள வேறுபாடு அவளுக்கு என்னைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. தாலி தானாக அறுந்துவிடவில்லை, அறுத்தார்கள். அதைச் சொல்ல அவளுக்கு நான் கொடுத்த பயிற்சியில் ஓர் இடம் கிடைத்தது. யார் என்றும் கேட்டேன். சொன்னாள். சொன்ன பிறகு அதற்கு ஒரு பெயர் வைத்து மூடிவிட்டேனோ என்றுதான் தோன்றுகிறது.

எங்கள் பக்கம் அந்தச் சடங்கை நடத்துவது பெண்கள்தான், அதிலும் ஏற்கெனவே கணவனை இழந்தவர்கள். பிள்ளைகளைத் தள்ளிப்போகச் சொல்வார்கள். பிள்ளைகள் கதவிடுக்கில் நின்று பார்க்கும். பாட்டி, அத்தை, பெரியம்மா என்று ஒருவரையும் தனியாகச் சுட்ட முடியாது, சுட்டாமலும் இருக்க முடியாது. 'எல்லாரும்தான்' என்பதைவிடச் சரியான எழுவாய் அதற்குக் கிடையாது. மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும், தாலி கட்டாயமில்லை என்று அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967இல், இந்த மாநிலத்தில் சட்டத்தைத் திருத்தினார்கள். கட்டுவதற்கு அந்த விலக்கு வந்து இத்தனை காலம் ஆகியும் அறுப்பது எங்கள் தெருவில் நிற்கவில்லை. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் என்ற ஊராட்சி, இந்த மாதிரிச் சடங்குகள் இனி வேண்டாம் என்று 2022இல் தீர்மானமே போட்டது. இதையெல்லாம் அன்று சொல்லியிருக்கலாம் என்று நினைப்பேன். உடனே இன்னொன்றும் தோன்றும். சொல்லியிருந்தால், உன் அம்மாவுக்கு உன் வீட்டார் செய்தது தவறு என்று அந்தப் பிள்ளைக்கு நான் தீர்ப்பு வழங்கியதாக ஆகும். அவள் மாலையில் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். அறுத்த கைதான் அவளுக்குச் சோறு போடும். தமிழ் வாத்தியாருக்கு அவ்வளவு உரிமை உண்டா?

அடுத்த ஆண்டும் 'அறு'வை நான் கைவிடவில்லை. கைவிட்டால் அவள் எழுதியது தவறு என்று ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும். ஆனால் வினையை எழுதிய கையோடு 'உழவர் நெல்லை அறுத்தார்' என்று நானே ஒரு மாதிரி வாக்கியத்தையும் எழுதிப்போட்டேன். மாதிரி இருந்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். உண்மையிலேயே விளங்கியது. எல்லா நோட்டிலும் நெல்லும் புல்லும் வந்தன.

அறிவியல் டீச்சர் மேசையில் இருந்த நோட்டுகளில் ஒன்றிரண்டைப் புரட்டிவிட்டு, "எல்லாம் நெல்லாவே இருக்கே சார்" என்றார். அறுப்பு நேரம்தானே டீச்சர் என்றேன். அது பொய்யில்லை. அந்த மாதிரி வாக்கியத்தை இந்த ஆண்டும் எழுதிப்போடுவதா, பலகையை வெறுமையாக விட்டு வருவதை வரட்டும் என்று நிற்பதா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.