மவுண்ட் மேரியில் மெழுகுக் காணிக்கை

மும்பையின் மவுண்ட் மேரி மாதா ஆலயத் திருவிழாவுக்குப் போனபோது, பாந்த்ரா ரயில் நிலையத்து வாசலில் 150 ரூபாய் கேட்ட ஆட்டோக்காரர்மீதுள்ள எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை. மீட்டர் போட்டிருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது. தாராவியிலிருந்து குடும்பத்தோடு போகிறவர்கள் திருவிழாவுக்கென்று மும்பை மாநகரப் பேருந்து நிறுவனமான பெஸ்ட் விடும் சிறப்புப் பேருந்திலேயே ஏறுங்கள். மிச்சமாகும் பணம் மெழுகு வாங்க உதவும்.

அந்த மெழுகைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். செப்டம்பர் 8-ஆம் தேதி மாதா பிறந்தநாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் பாந்த்ரா திருவிழாவில், குன்றேறும் சாலை நெடுகக் கடைகளில் மெழுகில் வார்த்த கை, கால், இதயம், குழந்தை, வீடு எனக் குவித்து வைத்திருக்கிறார்கள். மூட்டுவலிக்காரர் காலையும், சொந்த வீட்டுக்கு ஏங்குகிறவர் வீட்டையும் வாங்கிப்போய் மாதாவின் முன் வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், மெழுகுக் குழந்தை வெயிலில் இளகிவிடாதபடி அதைத் தன் முந்தானைக்குள் பொதிந்து வைத்திருந்தார். சந்நிதியை நெருங்கியதும் வெளியே எடுத்து, அதன் நெற்றியில் முத்தமிட்ட பிறகே மேசைமீது வைத்தார். சமயபுரத்தில் கண்மலர் சாத்தும், வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டும் நமக்கு இந்த நேர்த்திக்கடனை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இயேசு சபையினர் போர்ச்சுகலிலிருந்து கொண்டுவந்த சிலையின் வலக்கையை 1700-இல் அரபுக் கடற்கொள்ளையர்கள் வெட்டியதாக ஆலய வரலாறு சொல்கிறது. ஆனால் மும்பையின் பூர்வகுடிகளான கோலி மீனவர்களிடம் வேறொரு கதை உண்டு: அவர்களில் ஒருவருக்குக் கனவில் தெரிந்தபடியே மாதா சிலை கடலிலிருந்து கிடைத்ததாம். அவர்களுக்கு அவள் மோத் மாவ்லி; மாவ்லி என்றால் தாய். இப்போதுள்ள கட்டடம் 1904-இல் எழுந்தது. கோலிகளின் உரிமையோ அதைவிடப் பழையது. ஏகவீரா தேவியைக் குலதெய்வமாகக் கும்பிடும் கோலிப் பெண்கள் கச்சம் வைத்துக் கட்டிய சேலையும் கொண்டையில் பூவுமாக வந்து, திருப்பலிக்கு வந்தவர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இப்படி வேண்டிக்கொள்வதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் படித்த கத்தோலிக்கர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த ஆலயத்துக்கு இத்தனை கூட்டம் வருவதே இந்த வேண்டுதல்களால்தான்.

கடலைமாவுக் குச்சிகளை வெல்லப்பாகில் புரட்டி, இஞ்சி மணக்க விற்கும் கடியோ போடியோவை அவசியம் வாங்குங்கள். அன்றைக்கு நான் கொடுத்த காசுக்கு முழுமையாகப் பெறுமானம் தந்தது அதுதான்.

முதல் கடையிலேயே மெழுகு வாங்கிவிடாதீர்கள். அதே உருவத்துக்குக் கடைக்குக் கடை விலை மாறுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையைத் தவிர்த்து, வேலைநாளின் காலையில் போனால் சந்நிதியில் நிதானமாக நின்று வேண்டிக்கொள்ளலாம்.