பேராதனையில நின்னுகிட்டு கேட்ட சிதம்பரத்து கத

போன மாசம் இந்தியாவுல நீலகிரி கூடலூர்லருந்து எங்க பெரியப்பா மக வந்திருந்தாங்க. 1974ல பெரியப்பா இந்திய பாஸ்போட் கெடச்சு தலைமன்னார்ல கப்பல் ஏறி இந்தியாவுக்கு போனவரு, எங்க அப்பா இங்க இலங்கைத் தேயிலைத் தோட்டத்துலயே நின்னுட்டாரு, அதுக்கப்புறம் அந்த பக்கத்துலருந்து எங்க வாசலுக்கு வந்த மொத ஆளு இந்த அக்காதான். ரெண்டு நாளு தோட்டத்து வரிசை வீடு இருக்குற லயம் லயமா போயி எல்லாரையும் பாத்தாங்க, பெரியப்பா பொறந்த காம்பரா அறைக்குள்ள போயி சுவர தொட்டுகிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. மூணாவது நாள், "தம்பி, பேராதனை யுனிவர்சிட்டிய பாக்கணும்டா, கூட்டிட்டு போறியா"ன்னு கேட்டாங்க. கண்டி மாளிகை, பூந்தோட்டம் எதுவும் கேக்கல.

ஹட்டன்ல காலை ரயில், எங்க பேச்சுல கோச்சி, புடிச்சோம். சீட் கெடைக்கல, கதவு பக்கத்துல பேப்பர விரிச்சு ஒக்காந்து ரொட்டியும் கட்டசம்பலும் சாப்ட்டுகிட்டே வந்தோம். வட்டவளை தாண்டி மழ வந்திருச்சு. அப்பதான் அக்கா கைப்பையிலருந்து ஒரு அட்டைய எடுத்து காட்டினாங்க, ஓரமெல்லாம் பிஞ்சு, நடுவுல மடிச்ச எடத்துல செலோடேப் ஒட்டி மஞ்சளா போயிருந்திச்சு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல அவங்க இருந்த ஹாஸ்டல் அட்டை. போட்டோல ரெட்ட சடை, நெத்தியில பெரிய பொட்டு.

பெரியப்பாவுக்கு அங்க கெடச்சதும் தேயிலை வேலதான், தமிழ்நாடு அரசாங்கத்தோட டான்டீ தோட்டத்துல. காலேஜுக்கு அனுப்ப வசதி இல்லாம அக்கா பி.ஏ.வ அஞ்சல் வழியில முடிச்சாங்க. 1979லருந்தே அண்ணாமலையில அஞ்சல்வழிக் கல்வி இருக்காம், பாடப் புத்தகம் பார்சலா லயத்துக்கே வருமாம், தோட்டத்து தபால்காரர் "பட்டம் வந்திருக்கு"ன்னு கூப்புடுவாராம். அதுல நல்ல மார்க் வாங்குனதால பெரியப்பா கடன் வாங்கி எம்.ஏ. தமிழ் படிக்க நேராவே சிதம்பரத்துக்கு அனுப்பி வச்சிருக்காரு. அங்க போன மொத நாள்தான் யுனிவர்சிட்டின்னா ஒரு ஊரா இருக்கும்னு தெரிஞ்சுகிட்டேன்னு சொன்னாங்க.

அத கொஞ்சம் வெளக்கியே சொன்னாங்க, எனக்கு இதெல்லாம் தெரியாது. 1857ல வந்த மெட்ராஸ் யுனிவர்சிட்டி பரீட்சை வச்சு பட்டம் குடுக்குறதுக்காக தொடங்குனது, படிப்பெல்லாம் ஊர் ஊரா இருந்த காலேஜ்ல. அண்ணாமலைய வேற மாதிரி கட்டினாங்க. படிக்கிறவங்க, படிப்பிக்கிறவங்க, லைப்ரரி, ஹாஸ்டல் எல்லாம் ஒரே வளாகத்துல, அதுக்கு அண்ணாமலைநகர்னு தனி பேரே இருக்கு. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920ல ஸ்ரீ மீனாட்சி கல்லூரின்னு சிதம்பரத்துல ஆரம்பிச்சாரு, பெறகு தமிழுக்கு ஒண்ணு, வடமொழிக்கு ஒண்ணு, இசைக்கு ஒண்ணுன்னு காலேஜுகள் சேந்துச்சு, அதெல்லாத்தையும் 20 லட்சம் ரூபாயோட சேத்து குடுத்துதான் 1929ல யுனிவர்சிட்டி ஆச்சு. அந்தக் காலத்து 20 லட்சம்! வேந்தர் கவர்னர், ஆனா இணைவேந்தர் பதவி நிறுவனர் குடும்பத்துலயே ரொம்ப காலம் இருந்திருக்கு. கடைசியில பணக்கஷ்டம் வந்து 2013ல தமிழ்நாடு அரசாங்கம் தனி சட்டம் போட்டு எடுத்துகிட்டாங்க. கீழ வேற காலேஜ் எதுவும் இல்லாம தானே படிப்பிச்ச யுனிவர்சிட்டிக்கு கீழ இப்ப கடலூர், விழுப்புரம் பக்கத்து காலேஜுகளும் வந்திருச்சாம்.

அக்காவுக்கு அதுல கொஞ்சம் வருத்தம். எனக்கு அப்புடி தோணல, அரசாங்கம் எடுத்ததால பீஸ் கொறஞ்சா தோட்டத்து புள்ளைக்கு நல்லதுதானேன்னு சொன்னேன். யோசிச்சிட்டு, "அதுவும் சரிதான், எங்கப்பா அந்த கடன அடைக்க எத்தன வருசம் ஆச்சுன்னு எனக்குத்தான் தெரியும்"னாங்க.

பேராதனை சந்தியில எறங்கி, த்ரீவீல்ல கலஹா சந்திக்கு போயி, அங்கருந்து கெம்பஸுக்குள்ள நடந்தோம். மழ விட்டு மரமெல்லாம் சொட்டிகிட்டு இருந்திச்சு, ஒரு பக்கம் மகாவலி, மறு பக்கம் மலை. அக்கா நடக்க நடக்க பேசவே இல்ல. ஒரு எடத்துல நின்னு, "அங்க பூமி தட்டையா இருக்கும், வெயிலு, உப்புக்காத்து, ஆனா இந்த அமைதி அதே மாதிரிதான்டா"ன்னு சொன்னாங்க. இதுவும் அதே மாதிரி தங்கி படிக்கிறதுக்குன்னே கட்டுனதுதான். 1942ல கொழும்புல ஆரம்பிச்ச இலங்கைப் பல்கலைக்கழகத்த 1952ல இங்க கொண்டு வந்தாங்க, ஐவர் ஜென்னிங்ஸ் மொத துணைவேந்தர். அந்தக் காலத்து தமிழ்த் தலைவர்கள் பொன்னம்பலம் ராமநாதன், அவரு தம்பி அருணாசலம் பேர்ல விடுதி இருக்கு, அந்த அருணாசலம்தான் 1906லயே இலங்கைக்கு யுனிவர்சிட்டி வேணும்னு சங்கம் வச்சு கேட்டவரு.

ஆனா அக்கா வந்தது வேற ஒருத்தருக்காக. தமிழறிஞரான துறவி விபுலானந்த அடிகள். மட்டக்களப்பு பக்கம் காரைதீவுல பொறந்தவரு, 1931ல அண்ணாமலையில மொத தமிழ்ப் பேராசிரியர், 1943ல இலங்கைப் பல்கலைக்கழகத்துலயும் மொத தமிழ்ப் பேராசிரியர். ரெண்டு கரையிலயும் அந்த நாக்காலியில மொதல்ல ஒக்காந்தது ஒரே ஆளு. "இங்கதானே கிளாஸ் எடுத்திருப்பாரு?"ன்னு கேட்டாங்க. இல்லக்கா, அப்ப கெம்பஸ் கொழும்புல, அவரு 1947லயே எறந்துட்டாருன்னு சொல்றதுக்கு எனக்கு மனசே வரல, ஆனா சொன்னேன். "பரவால்ல, அவரோட துறை இங்கதானே இருக்கு"ன்னு சொல்லிட்டு கலைப்பீடத்து பக்கமா கொஞ்ச நேரம் நின்னு பாத்தாங்க.

இன்னொரு பேரும் சொன்னாங்க. ராஜேந்திரன். 1965 ஜனவரி 27, இந்தி எதிர்ப்பு போராட்டத்துல போலீஸ் சுட்டு செத்த அண்ணாமலை மாணவன். அங்க அவனுக்கு சிலை இருக்கு, அத கடந்துதான் தெனமும் கிளாஸுக்கு போவாங்களாம். மொழிக்காக ஒரு படிக்கிற பொடியன் செத்தான்னு சொல்லும்போது அக்காவோட கொரல் எறங்கிருச்சு, எனக்கும் நம்ம பக்கத்து ஞாபகமெல்லாம் வந்து ஒண்ணும் பேச முடியல.

குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு ஏறி கும்புட்டு எறங்கி வந்து பஸ்ஸுக்கு நின்னோம். அப்ப மேல தோட்டங்களுக்கு போற பஸ் ஒண்ணு கெம்பஸ் நடுவுலயே வந்து நின்னிச்சு. இந்த கலஹா ரோட்டு வழியாத்தான் 1867ல இலங்கையில மொதல்ல தேயிலைத் தோட்டம் போட்ட லூல்கந்துரைக்கும் போகலாம். உள்ள பூரா நம்ம ஆளுங்க, மாவு மூட்ட, மண்ணெண்ண கேன். ஒரு பொண்ணு புத்தகத்த நெஞ்சோட அணைச்சுகிட்டு அதுல ஏறிச்சு. அக்கா ஜன்னல் வழியா, "என்ன படிக்கிறம்மா?"ன்னு கேட்டாங்க. "தமிழ் ஸ்பெஷல், செக்கன்ட் இயர்"னு சொல்லி முடிக்கல, பஸ் எடுத்துட்டான். அக்கா அது வளைவுல மறையிற வரைக்கும் அந்த ஹாஸ்டல் அட்டைய கையில வச்சுகிட்டு பாத்துகிட்டே இருந்தாங்க.

திரும்பி வரும்போது கோச்சியில சீட் கெடச்சிச்சு. அடுத்த மார்கழித் திருவாதிரைக்கு சிதம்பரம் வா, கோயில பாத்துட்டு அண்ணாமலைநகர காட்டுறேன்னு சொன்னாங்க. காங்கேசந்துறையிலருந்து நாகப்பட்டினத்துக்கு கப்பல் விட்டிருக்காங்க, அதுலதான் வருவேன்னு சொன்னேன். பிளைட்ல சீக்கிரம் வரலாமேடான்னு கேட்டாங்க. இல்லக்கா, பெரியப்பா கப்பல்லதான் போனாரு, நானும் கப்பல்லயே வாரேன்.