எங்கள் தோட்டம் யாருடையது?

இலங்கை மலைநாட்டில் புசல்லாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் "இது கம்பெனித் தோட்டம்" என்பார்கள். எந்தக் கம்பெனி, அதற்கு முன் யார், அவருக்குக் காணியைக் கொடுத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. பெரியவர்கள் தோட்டத்தை நடத்திய துரைமாரின் பெயரை வைத்துத்தான் காலத்தைக் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் துரை சம்பளத்துக்கு வந்தவர், சொந்தக்காரர் கொழும்பிலோ லண்டனிலோ இருந்திருப்பார், அதனால் துரை மாறிய வருசத்தை வைத்துக் காணி கைமாறிய வருசத்தைப் பிடிக்க முடியாது. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில், வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் என்ற சிறு துண்டுக் காணி பற்றிய பேச்சு லயத்துக்கு லயம் நடக்கிறபோது இந்தக் கதையைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக்கூடாது என்று தேட ஆரம்பித்தேன்.

தேடுகிறவர்கள் இன்றைய நிலையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். முதல் இடம் காணிப் பதிவகம். புசல்லாவை மாதிரி மாவட்ட எல்லை ஓடும் ஊரென்றால் நுவரெலியா, கண்டி இரண்டு பக்கமும் பார்க்க வேண்டிவரும். அங்கே ஒவ்வொரு காணிக்கும் பெரிய பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. கொடுத்தவர், வாங்கியவர், உறுதியின் (காணிப் பத்திரத்தின்) வகை, தேதி, அதை எழுதிய நொத்தாரிசு என்று கட்டம் போட்டு, ஒரு கைமாற்றத்துக்குக் கீழே அடுத்தது எழுதப்பட்டிருக்கும். பக்கம் நிரம்பினால் எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்று ஓரத்தில் குறித்திருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போகவேண்டும். பழைய பக்கங்கள் எல்லாம் சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து, கண் பழக நேரமெடுக்கும்.

எங்கள் தோட்டத்தின் ஏட்டில் என்னை உட்கார வைத்தது 1880களின் பக்கம். ஈடு (அடமானம்), மறுபடி ஈடு, அப்புறம் விற்பனை என்று வரிசையாக வருகிறது. 1869இல் கோப்பி இலையில் விழுந்த நோய் பத்துப் பதினைந்து வருசத்தில் தோட்டக்காரர்களைக் கடனாளியாக்கியது, அவர்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884இல் மூழ்கிப்போனது. இதையெல்லாம் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். நாம் பிறந்த மண்ணின் ஏட்டில், ஒருவரிடமிருந்து வங்கிக்கும் வங்கியிலிருந்து இன்னொருவருக்கும் காணி போவதை வரிக்கு வரி பார்ப்பது வேறு. அதற்குப் பின் தனியாட்களின் பெயர் குறைந்து கம்பெனிகளின் பெயர் வருகிறது. கோப்பிக்குப் பதில் வந்த தேயிலைக்கு ஸ்டோர் கட்ட, இயந்திரம் வைக்க, பெரிய முதல் வேண்டியிருந்தது. இன்றும் நாம் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதானே சொல்கிறோம், அது கோப்பிக் காலத்து மிச்சம்.

யார் எந்த வருசத்தில் எத்தனை ஏக்கர் வைத்திருந்தார், கொழும்பில் ஏஜென்ட் யார் என்பதற்கு தோட்டங்களைப் பட்டியலிடும் பெர்குசன் டிரெக்டரி என்ற பழைய கையேட்டைப் போல வேறொன்றில்லை. கொழும்பு சுவடிகள் கூடத்தில் பழைய தொகுதிகளைப் பார்க்கலாம். பதிவேடு விட்டுப்போன இடங்களை அது நிரப்பும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அரச கொடை, அதாவது அரசாங்கம் முதலில் காணியைக் கொடுத்த பத்திரம், அதோடு நில அளவைத் திணைக்களத்தின் வரைபடம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்டமுடியாத காட்டையும் பயிரில்லாத நிலத்தையும் முடிக்குரியது என்று சொல்லிவிட்டது. கிராமத்துச் சிங்கள மக்கள் தலைமுறையாகக் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்து, மாடு மேய்த்த மலைகளுக்கு அவர்களிடம் என்ன பத்திரம் இருந்திருக்கும்? 1844 வரை ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற அடிவிலைக்கு அதை விற்றார்கள், வாங்கியவர்களில் ஆளுநரிலிருந்து அரசாங்க உத்தியோகத்தர்கள் வரை இருந்தார்கள். எங்கள் வரைபடத்தில் வடக்கே ஓயா, கிழக்கே முடிக்குரிய காடு, தெற்கே "கிராமத்தார் உரிமை கோரும் நிலம்" என்று எழுதியிருக்கிறது. அந்தத் தெற்கு எல்லை இன்று பதினோராம் நம்பர் தேயிலை மலை. கிராமத்தாரின் கோரிக்கை என்ன ஆனது என்று அடுத்த வரைபடத்தில் ஒரு சொல்லும் இல்லை, தேயிலைதான் இருக்கிறது. இதைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

இத்தனை பக்கங்களிலும் நம் ஆட்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக நடந்துவந்து இந்தக் காட்டை வெட்டியவர்களைத் தேடினால் செக்ரோல் என்ற வேலையாள் பேரேட்டிலும் பிறப்பு இறப்புப் பதிவிலும்தான் கிடைப்பார்கள். இங்கிலாந்தில் ஒரு பழைய பண்ணையின் கதையைத் தேடுகிறவர்களுக்கு 1836ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த திருச்சபை வரி வரைபடங்கள் உண்டு. அதில் வயலுக்கு வயல் உடைமையாளர் பெயரோடு, அந்த நிலத்தை வைத்திருந்த குத்தகைக்காரர் பெயரும் இருக்கும். அப்படி ஒரு கட்டம் எங்கள் ஏட்டில் எந்தக் காலத்திலும் போடப்படவில்லை.

பிந்திய கதை சுருக்கம்தான். 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாட்களிடமிருந்து ஐம்பது ஏக்கருக்கு மேற்பட்டதை எடுத்தது, 1975 திருத்தம் கம்பெனித் தோட்டங்களையும் எடுத்தது. ஜனவசம என்ற அரச அமைப்பும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992இல் நிர்வாகம் தனியாரிடம் போய், பின்னால் அது நீண்டகாலக் குத்தகையானது.

ஆக, "கம்பெனித் தோட்டம்" என்று நாம் சொல்வது அரசாங்கக் காணி, கம்பெனி குத்தகைக்காரர். ஒரு வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் பிரித்து உறுதி எழுதவேண்டுமென்றால் கம்பெனி அந்தத் துண்டை விடுவிக்கவேண்டும், நில அளவையாளர் வந்து அளக்கவேண்டும், காணிக்குரிய அரச நிறுவனம் கையெழுத்திடவேண்டும். வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்து, உறுதி பிறகு வரும் என்று சொல்லும்போது இந்த மூன்றில் எது முடிந்திருக்கிறது, எது நிற்கிறது என்று கேளுங்கள். வரைபடத்தின் இலக்கத்தையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பதிவகத்தில் தேட அது கட்டாயம் உதவும்.