செக் லைட் நாட்குறிப்பு: கோடு லீன் என்கிறது, பிளக் கறுப்பாக இருக்கிறது

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு

குரோம்பேட்டை சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது மீட்டரில் செக் எஞ்சின் லைட் வந்து உட்கார்ந்துகொண்டது. வண்டி 2013 கடைசியில் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், ஒரு லட்சம் கிலோமீட்டர் எப்போதோ தாண்டிவிட்டது. லைட் நிலையாக எரிந்தது, மின்னவில்லை. மின்னினால் அங்கேயே ஓரங்கட்ட வேண்டியதுதான், ஏனென்றால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே பாழாக்கும் அளவுக்கு மிஸ் அடிக்கிறது என்பதற்கு அடையாளம் அது. டெம்பரேச்சர் முள் நடுவில் இருந்தது, ஆயில் லைட் இல்லை, இழுவையும் வழக்கம்போல. வீடு வரை ஓட்டி வந்துவிட்டேன்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கிறது. 2013 ஏப்ரலில் இருந்து இந்தியாவில் கார்களுக்கு ஓபிடி-2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டு சொல்லும் ஏற்பாடு) கட்டாயம், அமெரிக்காவில் 1996 மாடலிலேயே வந்துவிட்டது. அந்த சாக்கெட்டைப் போனோடு இணைக்க நம்மிடம் இருப்பது இஎல்எம்327 என்று அச்சடித்த நகல் அடாப்டர், கூடவே போனில் ஒரு ஆப். (வாங்குகிறவர்களுக்கு: மேலே 1.5 என்று வெர்ஷன் போட்டிருக்கும், அசல் கம்பெனி அப்படி ஒரு வெர்ஷனை வெளியிட்டதே இல்லை. ஆனாலும் 2.1 என்று விற்கும் பல நகல்களைவிட இந்தப் பொய் 1.5 ஒழுங்காக வேலை செய்கிறது.)

கோடு (கோளாறுக்கு எஞ்சின் கம்ப்யூட்டர் தரும் எண்): பி0171. பி என்றால் எஞ்சின், கியர் சமாச்சாரம். அடுத்த 0 எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு என்பதற்கு, அங்கே 1 இருந்தால் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு. அதற்கடுத்த 1 காற்று-பெட்ரோல் கலவைப் பிரிவு. மொத்தத்தில் ‘கலவை லீனாக இருக்கிறது’, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

அழிக்கவில்லை. முதலில் ஃப்ரீஸ் ஃப்ரேமை நோட்டில் எழுதி வைத்தேன். லைட் எரிந்த நொடியில் எஞ்சின் என்ன நிலையில் இருந்தது என்று இசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) எடுத்து வைத்துக்கொள்ளும் படம் அது, கோடை அழித்தால் கூடவே போய்விடும். வேகம் 0, ஆர்பிஎம் 760, கூலண்ட் 91 டிகிரி, ஷார்ட் டேர்ம் ட்ரிம் +9.4%, லாங் டேர்ம் ட்ரிம் +17.2% (ட்ரிம் என்பது இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, விவரம் பின்னால்). சிக்னலில் நின்றபோது வந்தது என்பதுதான் இதில் முக்கியமான தகவல் என்று இப்போதைக்குத் தோன்றுகிறது.

செப்டம்பர் 8, திங்கள்

ஆபீஸ் போகும் வழியில் ஒரு ஷெட்டில் கேட்டேன். ஸ்கேனரைப் போட்டார், கோடைப் பார்த்தார், “ஆக்சிஜன் சென்சார் போச்சு சார், 4,500 ஆகும். இல்லைன்னா அழிச்சு விடறேன், திரும்ப வந்தா பார்த்துக்கலாம்” என்றார். ரெண்டும் வேண்டாம், சாயந்திரம் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

சென்சார் கெட்டிருந்தால் அதற்கென்று தனி கோடுகள் இருக்கின்றன: சர்க்யூட்டில் கோளாறு என்றால் பி0130, மந்தமாக வேலை செய்தால் பி0133, உள்ளே இருக்கும் ஹீட்டர் போனால் பி0135. இதில் ஒன்றும் வரவில்லை. பி0171 என்பது சென்சார் சொன்ன புகார், சென்சாரைப் பற்றிய புகார் இல்லை. புகார் கொடுத்தவனையே பிடித்து உள்ளே போடுகிற கதை இது, நம் ஊர் ஷெட்களில் தினமும் நடக்கிறது. 4,500 ரூபாய் சென்சாரை மாற்றி, கோடை அழித்து, கொஞ்ச நாள் கழித்து அதே கோடு வந்து, அப்புறம் இன்ஜெக்டர் கிளீனிங், அப்புறம் பெட்ரோல் பம்ப் என்று போய்க்கொண்டே இருக்கும்.

செப்டம்பர் 10, புதன்

ராத்திரி எஞ்சினை நன்றாகச் சூடாக்கி லைவ் டேட்டா பார்த்தேன். ட்ரிம் என்றால் என்ன என்று கேட்ட தம்பிக்காக: இசியு தன் கணக்குப்படி பெட்ரோல் விடுகிறது, சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று சொன்னால் இசியு கூட்டும், ‘அதிகம்’ என்று சொன்னால் குறைக்கும். அந்தக் கூட்டல் கழித்தல்தான் ட்ரிம். நொடிக்கு நொடி மாறுவது ஷார்ட் டேர்ம், பழகி நினைவில் நிற்பது லாங் டேர்ம். பிளஸ் 10, மைனஸ் 10க்குள் இருந்தால் கவலையில்லை. ரெண்டும் சேர்ந்து 25 பக்கம் போனால் லைட்டைப் போட்டுவிடும்.

ஐட்லிங்கில் ரெண்டும் சேர்த்து +25க்கு மேல் நிற்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் +6, +7 என்று இறங்கிவிடுகிறது. அதாவது பெட்ரோல் பம்ப் தப்பித்தது, ஃபில்டர் தப்பித்தது. பம்ப் பலவீனமாக இருந்தால் நேர்மாறாக, அதிகம் கேட்கும்போதுதான் ட்ரிம் ஏறியிருக்கும்.

அந்த +6 எனக்கு ஆச்சரியமில்லை. பங்கில் இப்போது இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) தான் வருகிறது. சுத்த பெட்ரோலுக்கு 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று, 10% எத்தனால் கலந்தால் 14.1 பக்கம், 20% என்றால் 13.5 பக்கம். அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். இ10ஐ மனதில் வைத்து டியூன் செய்த வண்டி என்றால் அந்த மாற்றமே நாலு சதவீதத்துக்கு மேல். ஆகவே பழைய வண்டி வைத்திருக்கும் பலரும் இப்போது ட்ரிமைப் பார்த்தால் பிளஸ்ஸில் தான் இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் எத்தனால் சிக்னலில் நிற்கும்போது மட்டும் வேலை காட்டாது. மீதி 19, 20 சதவீதத்துக்கு வேறு காரணம் இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஐட்லிங்கில் மட்டும் லீன் என்றால் யாரைக் கேட்டாலும் வேக்கம் லீக் என்பார்கள். ஏதாவது ரப்பர் ஹோஸ் வெடித்து, கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது என்று. உள்ளே போகும் காற்றை நேராக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும் வண்டியில் இது சரி. என் வண்டியில் அது இல்லை, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். ஓட்டை வழியாக வரும் காற்றும் அந்த அழுத்தத்தைக் கூட்டும், இசியு அதற்கும் சேர்த்து பெட்ரோல் விட்டுவிடும். அதனால் இப்படிப்பட்ட வண்டியில் வேக்கம் லீக் என்றால் ஐட்லிங் ஏறும், ட்ரிம் அவ்வளவாக அசையாது. எனக்கு ஆர்பிஎம் 750-760ல் சமத்தாக இருக்கிறது, மேப் 32, 33 கிலோபாஸ்கல் காட்டுகிறது. ரெண்டும் ஆரோக்கியமான எண்கள். ஆனாலும் பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் ரெண்டையும் கழற்றி வளைத்துப் பார்த்துவிட்டேன், விரிசல் இல்லை.

அடுத்தது ஆக்சிஜன் சென்சார் விசாரணை. இது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் ஊசலாட வேண்டும், 0.45க்குக் கீழே லீன், மேலே ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். ஐட்லிங்கில் பெரும்பாலும் 0.1, 0.2 என்று கீழேயே படுத்திருந்தது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று ஒரு மிதி மிதித்தேன், உடனே 0.85. விட்டதும் கீழே. ஆக, சென்சார் உயிரோடு இருக்கிறது, சுறுசுறுப்பாகவும் இருக்கிறது. 4,500 மிச்சம்.

இவ்வளவுக்கும் பிறகு பிளக்கைக் கழற்றினேன். இங்கேதான் சுவாரசியம். லீனாக ஓடும் எஞ்சினில் பிளக் முனை வெளுத்துப் போயிருக்கும். என் வண்டியில் நாலும் காய்ந்த கரி பிடித்துக் கறுப்பாக இருக்கின்றன. நிஜத்தில் எஞ்சின் ரிச்சாக ஓடுகிறது! மைலேஜ் 16லிருந்து 13க்கு வந்ததும், பார்க்கிங்கில் நிறுத்தும்போது பெட்ரோல் வாடை அடிப்பதும் இதனால்தான்.

கோடும் பொய் சொல்லவில்லை, பிளக்கும் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் சென்சார் பார்க்கும் ஆக்சிஜன் எஞ்சினுக்குள்ளிருந்து வரவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பானட்டைத் திறந்து வைத்துக் கேட்டேன். டிக் டிக் டிக். டேப்பட் சத்தம் மாதிரியே இருக்கிறது, ஆனால் எஞ்சின் சூடானதும் காணாமல் போகிறது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூட்டில் விரிந்து இடைவெளி குறைவதால் சத்தம் அடங்கிவிடும். ஓட்டை முழுசாக அடைவதில்லை.

எக்ஸாஸ்ட் லீக் என்றால் புகை வெளியே வரும் என்றுதானே நினைப்போம். வெளியேயும் வரும், உள்ளேயும் போகும். புகை ஒரே சீராகப் போவதில்லை, அடி அடியாகப் போகிறது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு சின்ன உறிஞ்சல் இருக்கிறது, ஐட்லிங்கில் புகை குறைவு என்பதால் அந்த உறிஞ்சலில் வரும் வெளிக்காற்று பெரிய பங்காகத் தெரியும். 2,500ல் புகை வெள்ளத்தில் அது கரைந்துவிடும். ட்ரிம் எண்கள் அப்படியே பொருந்துகின்றன.

செப்டம்பர் 17, புதன்

இடையில் தங்கை வீட்டு மாப்பிள்ளை போன். வேலூர் போகும்போது வாலாஜா பக்கம் செக் லைட் மின்னியதாம், வண்டி குலுங்கியதாம், “கோயிலுக்கு நேரமாச்சு மச்சான், மெதுவா ஓட்டிட்டுப் போயிட்டேன்” என்கிறார். சாயந்திரம் வண்டியோடு வந்தார். பி0302, இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர். இதற்கு மல்டிமீட்டரே வேண்டாம்: பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலில் இரண்டாவதைக் கழற்றி மூன்றாவதில், மூன்றாவதை இரண்டாவதில் மாட்டி, கோடை அழித்து, தெருவை ஒரு சுற்று. பி0303 வந்தது. கோளாறு காயிலோடு கூடவே நகர்ந்துவிட்டது, காயில்தான். நகராமல் இருந்திருந்தால் பிளக், அதுவும் இல்லையென்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். அவ்வளவு தூரம் அப்படி ஓட்டியதில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்ன ஆயிற்றோ என்று சொன்னேன், சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வண்டி முழுசாக ஆறிய பிறகு, வீட்டு வேக்கம் கிளீனரின் ஊதும் பக்கத்தைச் சைலன்சர் வாயில் வைத்துத் துணியைச் சுற்றி அடைத்தேன். மேனிஃபோல்டு மேலிருக்கும் ஹீட் ஷீல்டைக் கழற்ற நாலு போல்ட், ரெண்டு வந்தன, ரெண்டு துருப்பிடித்து முரண்டு பிடித்தன. அப்புறம் சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் அடித்துக்கொண்டே வந்தேன். நாலாவது சிலிண்டர் ஓரத்தில் புஸு புஸுவென்று நுரை. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த ஓரத்து ஸ்டட்டில் (மேனிஃபோல்டை எஞ்சினோடு பிடிக்கும் திருகுக் கம்பி) நட்டே இல்லை, ஸ்டட் ஒடிந்து மீதி உள்ளே நிற்கிறது. மேனிஃபோல்டு சூட்டில் நீண்டு சுருங்கும்போது ஓரத்து ஸ்டட்களுக்குத்தான் அடி அதிகம், ஒடிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடையில் நேற்றே பேக்கிங் (மேனிஃபோல்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இடைவெளியை அடைக்கும் தகடு) விலை கேட்டிருந்தேன், “திங்கட்கிழமைக்கு மேல வாங்க, ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 ஆகுது” என்றார் கடைக்காரர். தன் வியாபாரத்தைத் தானே தள்ளிப்போடும் கடைக்காரரை இப்போதுதான் பார்க்கிறேன்.

செப்டம்பர் 27, சனி

ஒடிந்த ஸ்டட்டை எடுப்பது நம் வேலையில்லை. சிலிண்டர் ஹெட் அலுமினியம், டிரில் கொஞ்சம் சாய்ந்தால் மரை போய்விடும். பல்லாவரத்தில் ஒரு வயதான மேஸ்திரியிடம் விட்டேன். வண்டியை விட்டதும் நான் எழுதி வைத்திருந்த எண்களைக் காட்டினேன், அவர் அதைப் பார்க்கவே இல்லை, காலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேட்டுவிட்டு “பேக்கிங் அடிக்குது தம்பி” என்றார். சரி.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஒடிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்தார். ஆறியதும் ஸ்பானர் போட்டு முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுத்தார். வெல்டிங் சூடே துருவை விடுவித்துவிடுமாம். மேனிஃபோல்டு முகத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், வளைவு இல்லை, நல்லவேளை. புது பேக்கிங், புது ஸ்டட்கள், நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். பொருளும் கூலியும் சேர்த்து 2,300. பிளக் நாலையும் நான் வீட்டில் மாற்றிக்கொண்டேன்.

இப்போதுதான் கோடை அழித்தேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

பூஜைக்கு முன்னால் செங்கல்பட்டு வரை ஒரு ஓட்டம். ஐட்லிங்கில் லாங் டேர்ம் +5.5, 2,500ல் +6.3. ரெண்டும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்துவிட்டன, இதுதான் நான் பார்க்க விரும்பியது. மிச்சம் இருக்கும் அந்த 5, 6 எத்தனால் கணக்கு, அது இருந்துவிட்டுப் போகட்டும். பெண்டிங் கோடு எதுவும் இல்லை. கேட்டலிடிக் மானிட்டர் (கன்வெர்ட்டரை இசியு தானே சோதித்துப் பார்ப்பது) இன்னும் முடியவில்லை என்று ஆப் காட்டுகிறது, அழித்ததும் எல்லா மானிட்டரும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும், சீரான வேகத்தில் கொஞ்சம் ஓடினால்தான் முடியும். சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. அடாப்டருக்கும் ஒரு பொட்டு.

அக்டோபர் 5, ஞாயிறு

என் வண்டியில் மானிட்டர் எல்லாம் முடிந்தது, லைட் இல்லை. மாப்பிள்ளை வண்டியில் லைட் மறுபடி. பி0420, கன்வெர்ட்டர் திறன் குறைவு. “அந்த வேலூர் சமாச்சாரமா மச்சான்?” என்றார், குரலில் சிரிப்பு இல்லை. இருக்கலாம், ஆனால் அதற்குள் புது கன்வெர்ட்டர் விலை விசாரிக்க வேண்டாம் என்றேன். பின்பக்க சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது, முன்பக்க சென்சார் மாதிரியே ஊசலாடினால்தான் சந்தேகப்பட வேண்டும். அதற்கும் முன்னால் அவர் சைலன்சரிலும் லீக் இருக்கிறதா பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிறு வண்டியைக் காலையிலேயே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், ஆறட்டும் என்று மத்தியானம் வரை காத்திருக்க முடியாது என்றால் முந்தின ராத்திரியே விட்டுவிட்டுப் போகலாம்.