நாலு திசைக்கும் தண்டவாளம்

நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் ஒரே மூச்சுல உருவானது இல்ல. 1876-ல மணியாச்சியில இருந்து மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) வந்தப்போ இது வெறும் கடைசி ஸ்டேஷன். அடுத்த நூற்றாண்டு பொறந்த பிறகுதான் மேற்கே கல்லிடைக்குறிச்சி, தென்காசி, செங்கோட்டைன்னு மலையைக் குடைஞ்சு கொல்லத்தோட சேர்ந்துச்சு. 1923-ல திருச்செந்தூர். பக்கத்துல இருக்க நாகர்கோவிலுக்கு 1981 வரைக்கும் பஸ்தான் கதி!

டவுண்காரங்க ஜங்ஷன்ல இறங்கி ஆட்டோவுக்குப் பேரம் பேசுறதைப் பார்த்தா சிரிப்புதான் வருது. செங்கோட்டை பாசஞ்சர் கிடைச்சா அடுத்த ஸ்டாப்பே டவுண் ஸ்டேஷன். பாளையங்கோட்டைக்காரங்களுக்குத் திருச்செந்தூர் வண்டி இருக்கு.

ஆனா சாயங்காலச் செங்கோட்டை வண்டியில ஏறத் தனித் தெம்பு வேணும். காலேஜ் பிள்ளைங்க, ஜவுளிக்கடைப் பை, நெய் கசியுற அல்வாப் பொட்டலம். மூணு பேர் சீட்டு முன்னால ஒரு அம்பாசமுத்திரத்து ஆச்சி வந்து நின்னு, “ஏல, செத்த தள்ளி உக்காருல”ன்னா போதும், நாலாவது இடம் தானா வந்துரும். 2012-ல தென்காசிப் பாதை அகலமாச்சு, பெட்டியும் பெருசாச்சு. நெரிசல் மட்டும் அப்படியே.

புதுசா போறவங்க இடது பக்க ஜன்னலைப் பிடிங்க. மலை அந்தப் பக்கம்தான்.