மாமாவின் வழக்குரை

இந்த வைகாசியும் மட்டக்களப்புச் செட்டிபாளையம் கண்ணகி அம்மன் கோயிலில், கண்ணகி கதையைப் பாட்டாகச் சொல்லும் வழக்குரை படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். கோவலனைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகிற இடம். பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறார்கள், எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. தூணுக்கு அந்தப் பக்கம் இருந்த மாமி முறைத்துப் பார்த்தார். பிறகு அவரும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். எங்கள் இருவருக்கும் ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்திருக்கிறார். மாமா போய் இது இரண்டாவது வைகாசி.

மாமா, என் அம்மாவின் அண்ணன், பொலிஸில் சார்ஜன்டாக இருந்து ஓய்வுபெற்றவர். பதுளை, குருநாகல், அம்பாறை என்று ஊர் ஊராக இடமாற்றம். அந்தக் காலத்தில் தமிழ்ப் பொலிஸ்காரர் ஒருவர் எத்தனை பக்கத்துக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது என்பதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. யாராவது கேட்டால் ஆர்மோனியப் பெட்டியை இழுத்து வைத்துக்கொள்வார்.

பென்ஷன் வந்த முதல் மாதமே வாங்கிய பெட்டி அது. வெள்ளிக்கிழமை வீட்டில் பஜனை. மார்கழியில் விடியற்காலை நான்கு மணிக்குச் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவை பாடிப் போகிற கூட்டத்துக்கும் அவர்தான் முன்னால். புறப்படும்போது ஆள் எண்ணுவார், திரும்பி வந்தும் எண்ணுவார். ஒரு நாள் போகும்போது பதினாறு பேர், வரும்போது பதினேழு. விசாரித்ததில், அடுத்த ஊர்க் கூட்டத்திலிருந்து தூக்கக் கலக்கத்தில் எங்களோடு சேர்ந்து வந்துவிட்ட ஒரு பொடியன் பிடிபட்டான். அவனுக்குத் தேநீர் கொடுத்து, ஊர் எல்லை வரை கொண்டுபோய் 'ஒப்படைத்துவிட்டு' வந்தார்.

இவ்வளவு அதிகாரமும் வாசல் படலைக்கு வெளியேதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை வந்து சேருகிறவர். வீட்டு உறுதி மாமியின் பெயரில், திறப்புக் கோர்வை மாமியின் இடுப்பில். "இது உங்களுடைய ஸ்டேஷன் இல்லை" என்று மாமி ஒரு சொல் சொன்னால் சார்ஜன்ட் அடங்கிவிடுவார்.

அவருடைய பக்தி முழுவதும் கண்ணகி அம்மன் மேல். ஆண்டுக்கு ஒரு தடவை வைகாசியில் கோயில் கதவு திறந்து, அம்மனின் கோபம் தணியக் குளிர்த்தி பாடி முடியும்வரை வீட்டில் மச்ச மாமிசம் கிடையாது. வழக்குரையை ஆர்மோனியத்தோடு படிக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "அம்மனுக்கு இந்தப் பெட்டி பழக்கமில்லை" என்று கோயில் நிர்வாகியான வண்ணக்கர் ஒரே வரியில் மறுத்துவிட்டார். ஆகவே பெட்டியோடு பாடுவது வீட்டில் மட்டும். வாசிக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டுப் பாண்டியனின் விசாரணையை விசாரிப்பார். "முறைப்பாடு கொடுத்தவனே திருடன். சந்தேக நபரிடம் வாக்குமூலம் எடுத்தானா? இல்லை. அரசியின் சிலம்பு முத்தா மாணிக்கமா என்று முதலில் கேட்டானா? ஆளைக் கொன்ற பிறகல்லவா சிலம்பு உடைபடுகிறது! என் கொன்ஸ்தாபிள் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்." பாண்டிய நாட்டு நீதி நிர்வாகம் பற்றி இதைவிட நீண்ட சொற்பொழிவை நான் எங்கேயும் கேட்டதில்லை.

எனக்குப் பதின்மூன்று வயதில் ஒரு வைகாசி. மாமாவின் மூன்று வயதுப் பேத்தியின் வெள்ளிக் கொலுசில் ஒன்று காணாமற்போனது. கோயில் கதவு திறந்திருக்கிற நாளில், கண்ணகியின் ஊரில், அதுவும் சிலம்பு! மாமி இதை அபசகுனமாக எடுத்துக்கொண்டார். மாமா வழக்காக எடுத்துக்கொண்டார்.

சாய்மனைக் கதிரையில் அமர்ந்தார். மடியில் சீ.ஆர். கொப்பி என்கிற குறிப்பேடு, காதில் பேனை. அன்று வீட்டுக்கு வந்துபோனவர்களின் பட்டியலில் தயிர்க்காரர், சலவைக்காரர், நான். முதல் இருவரும் படலைக்கு உள்ளே வரவில்லை. என் கையில் புத்தம்புதிய டென்னிஸ் பந்து.

"பந்து வாங்கக் காசு எங்கிருந்து வந்தது, மருமகன்?"

இதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. இருந்தது, சொல்ல முடியாது. அந்தக் காசு கஜுக் கொட்டை, அதாவது முந்திரிக் கொட்டை, விற்ற காசு. அந்தக் கொட்டை வண்ணக்கரின் வளவு மரத்தில் ஏறிப் பறித்தது. ஒரு களவு செய்யவில்லை என்று நிரூபிக்க இன்னொரு களவை ஒப்புக்கொள்ளவேண்டும். கோவலனுக்குக்கூட இவ்வளவு சிக்கல் வரவில்லை. நான் தரையைப் பார்த்தேன். மாமா எழுதினார்: "சந்தேக நபர் மௌனம் சாதித்தார்."

அவ்வளவுதான். தயிர்க்காரர் வேண்டாம், பேத்தியிடம் கேட்கவேண்டாம், வீட்டைத் தேடவேண்டாம். பத்து நிமிடத்தில் வழக்கு முடிந்தது. முழுப் பக்கத்தையும் எனக்கு வாசித்துக் காட்டி, விளக்கி, "சரியென்றால் கையெழுத்துப் போடு" என்று பேனையை நீட்டினார்.

இந்தச் செய்தி யார் மூலமோ எங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. அம்மா அப்போதுதான் கோயிலுக்குப் போகத் தலை முழுகியிருந்தார். ஈரக் கூந்தல் அவிழ்ந்து முதுகெல்லாம் விரிய, கையில் அகப்பையோடு, படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாயிற்காவலனாக நின்ற நாய்கூட எழுந்து வழிவிட்டது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், மாமா கதிரையில் ஒரு அங்குலம் பின்னால் போனார்.

"என் பிள்ளை கள்ளனா அண்ணன்? ஆராய்ந்து பார்த்தீர்களா? ஊருக்கெல்லாம் பாண்டியனைத் திட்டுகிற ஆளல்லவா நீங்கள்!"

கடைசிச் சொல்லோடு கையை ஓங்கிப் பக்கத்தில் இருந்த ஆர்மோனியத்தின் மேல் அறைந்தார்.

பெட்டி, "சில்" என்றது.

எல்லோரும் பேசாமல் நின்றோம். அம்மா, இந்தத் தடவை மெதுவாக, இன்னொரு தட்டுத் தட்டினார். சில்.

மூன்று நாட்களாக அந்தப் பெட்டிக்குள் ஏதோ கிலுகிலுக்கிறது என்று மாமா குறைப்பட்டுக்கொண்டுதான் இருந்தார். கடற்பக்கம் உப்புக்காற்று, வாவிப்பக்கம் ஈரக்காற்று, நடுவில் கிடந்து உள்ளேயுள்ள பித்தளை நாக்கு கழன்றுவிட்டது என்பது அவருடைய தீர்மானம். இப்போது ஒன்றும் பேசாமல் திருகாணிச் சாவியை எடுத்து மேல்மூடியைக் கழற்றினார். கட்டைகளுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது கொலுசு. அதனோடு இரண்டு பாக்குத் துண்டு, ஒரு சிலேட்டுப் பென்சில், மாமி ஆறு மாதமாகத் தேடிய தோட்டுச் சுரை, ஒரு ஐம்பது சதம், பாதி கடித்த தேங்காய்ப் பூரானும் ஒன்று, காய்ந்து கல்லாகி. பேத்தி ஓடி வந்து, "என்னுடைய உண்டியல்!" என்று அழத் தொடங்கினாள்.

திருட்டுப் பொருள் மூன்று நாட்களும் விசாரணை அதிகாரியின் மடிக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. அவர் அதை வைத்துப் பாடியும் இருக்கிறார்.

கண்ணகி கதையில் இந்த இடத்தில் பாண்டியன் சிம்மாசனத்திலிருந்து விழுந்து உயிரை விட்டான். மாமா ஒரு நாள் வெற்றிலையை விட்டார்.

ஆனால் அம்மா ஆறவில்லை. இரண்டு நாட்கள் அண்ணனின் முகத்தைப் பார்க்காமல் கோயிலுக்குப் போய்வந்தார். மூன்றாம் நாள் விடிய, எங்கள் வாசலில் ஒரு முட்டி எருமைத் தயிர், ஒரு போத்தல் தேன். பின்னால், பொலிஸ் நிலையத்தில் சரணடைய வந்தவரைப் போல மாமா. அம்மா தயிரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "குளிர்த்தி பாடவேண்டாமா?" என்று கேட்டார். சிரிப்பை அடக்க அவருக்கு முடியவில்லை.

போகும்போது மாமா என் தோளில் கைவைத்து, குரலைத் தாழ்த்தி, "பந்துக் காசு?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மரம், கிளை, எத்தனை கொட்டை என்பது வரை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

போன வருடம் ஆட்டைத் திவசத்தன்று மாமி அந்தக் கொப்பியை என்னிடம் தந்தார். நான் கையெழுத்துப் போடாத பக்கம் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே வேறு நிற மையில், அச்சுப் போன்ற அவருடைய எழுத்தில் இரண்டு வரி:

"கொலுசு மீட்கப்பட்டது. கஜு மரம் தொடர்பாக வண்ணக்கரிடமிருந்து இதுவரை முறைப்பாடு எதுவும் கிடைக்கவில்லை. ஆகையால் விசாரணை இல்லை."